பெட்டி முடைந்தாச்சு, இனி எப்படி விற்க?

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். திசையன்விளைப் பக்கம் அவள் வீட்டுத் தார்சாவில் (முன்பக்கக் கூடத்தில்) மூன்று பேர் உட்கார்ந்து பனை ஓலைப்பெட்டி முடைகிறார்கள்: அவள், அவள் மாமியார், பக்கத்து வீட்டு மதினி. "யக்கா, வேலை நல்லா வருது. விக்கிறதுக்குத்தான் வழி தெரியல. வியாபாரிகிட்டயே போட்டுரட்டுமா, இன்ஸ்டாகிராம்ல படம் போடவா, ஆன்லைன்ல பெரிய கம்பெனியில சேரவா? ஒண்ணைச் சொல்லு, அதையே செய்யுதேன்" என்றாள். அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பதினோரு வருசமாக இதே ஓலை வேலைதான் செய்கிறேன், அவள் கேட்ட எல்லா வழியிலும் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பாய் நெய்கிறவர்கள், மண்பாண்டம் செய்கிறவர்கள், மரச்சொப்பு கடைகிறவர்கள், படம் வரைகிறவர்கள் என்று யாருக்கும் இது உதவும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கைவேலை செய்கிற நம்மில் பலர், முடைவது நம் வேலை, விற்பது வாய்ச்சாமர்த்தியம் உள்ளவர்கள் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். நானும் முதல் மூன்று வருசம் அப்படித்தான் இருந்தேன். பெட்டிக்கு என்ன அளவு, மூடிக்கு என்ன நிறம் என்று ராத்திரியெல்லாம் யோசிப்பேன், அதை யார் கையில் எப்படிக் கொடுப்பது என்று ஐந்து நிமிசம்கூட யோசித்ததில்லை. ஆனால் இரண்டும் ஒரே யோசனைதான். யாருக்காக, எதை வைக்க, எந்த ஊருக்குப் போக என்று தெரிந்தால்தான் அளவே முடிவாகிறது. அதனால் நான் எந்த வழியைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி: வாங்குகிறவர் சொல்வது என் கைக்குத் திரும்பி வருமா? அப்புறம்தான் காசுக் கணக்கு. காசுக் கணக்கு சின்ன விஷயம் என்று சொல்லவில்லை, அடுப்பு எரிய வேண்டும். ஆனால் முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வருகிற வழியில் காசும் கொஞ்ச நாளில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

வியாபாரியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரிகள் பெட்டிகளை நூறு கணக்கில் எடுப்பார்கள். சில்லுக்கருப்பட்டிக்கு, மிட்டாய்க்கு என்று அளவு சொல்லிவிடுவார்கள். விலை குறைவு, ஆனால் வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்வார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் முன்பணம்கூடக் கொடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாமல் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும்போது, முன்னாலேயே செய்து அடுக்கிய பெட்டியை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கிற ஆள் அவர்தான். அவரைக் குறை சொல்லி எழுதுகிறவர்கள் உண்டு, நான் அதில் சேரமாட்டேன். ஆனால் ஒன்று இருக்கிறது. பத்து வருசம் அவருக்குப் போட்டாலும் அதே அளவு, அதே மூடி. பெட்டி யார் வீட்டுக்குப் போனது, அதில் என்ன வைத்தார்கள், எங்கே பிரிந்தது என்று ஒரு சேதியும் திரும்பி வராது. நாலு வருசத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கடையில் நான் முடைந்த பெட்டியையே பார்த்தேன். நான் விளிம்பு மடிக்கிற விதம் எனக்குத் தெரியாதா! விலை நான் வாங்கியதைப்போல நாலு மடங்கு, அதுகூடப் பரவாயில்லை, கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கும். ஆனால் அதில் தொங்கிய சீட்டில் வேறு மாநிலத்துக் கைவேலை என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை மனசே சரியில்லை. வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, பெட்டியின் அடியில் உள்பக்கமாக ஊர்ப் பெயரை மையால் எழுத ஆரம்பித்தது. இன்றைக்கும் வியாபாரிக்குப் போகிற பெட்டியிலும் எழுதுகிறேன்.

பெரிய ஆன்லைன் தளங்களைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அமேசானில் காரிகர், பிளிப்கார்ட்டில் சமர்த் என்று கைவினைஞர்களுக்காகவே தனித் திட்டங்கள் இருக்கின்றன, உண்மைதான். சட்டத்திலும் வழி இருக்கிறது. சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை என்றாலும், முன்பு இந்தத் தளங்களில் விற்கச் சின்ன ஆளும் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தி, பதிவு இல்லாதவரும் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு தன் மாநிலத்துக்குள்ளே மட்டும் விற்கலாம் என்று ஆக்கினார்கள். சரி, கதவு திறந்திருக்கிறது. ஓலைப்பெட்டி அதற்குள் போகுமா என்பதுதான் கேள்வி.

அங்கேதான் கூரியர் கணக்கு வருகிறது. பல கூரியர்கள் பெட்டியைத் தராசில் வைத்து மட்டும் காசு கேட்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுகிறார்கள், அதற்கும் நிஜ எடைக்கும் எது கூடுதலோ அதுதான் கணக்கு. 20க்கு 20, உயரம் 15 என்று ஒரு பார்சல் கட்டினால் 6000, வகுத்தால் 1.2 கிலோ. உள்ளே இருக்கிற ஓலைப்பெட்டி கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். காற்றுக்குத்தான் காசு கட்டுகிறோம்! இதில் தளத்தின் கமிஷன் வேறு, நசுங்கிப்போய்த் திரும்பி வருகிற பெட்டி வேறு. நான் ஒரு தளத்தில் எட்டு மாதம் இருந்தேன். திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் காரணம் என்ற இடத்தில் "எதிர்பார்த்தது போல் இல்லை" என்று மட்டும் இருந்தது. என்ன எதிர்பார்த்தார்கள்? அளவா, நிறமா, வாசனையா? கேட்க வழியில்லை, வாங்கியவரின் போன் நம்பர் நமக்குத் தெரியாது.

ஆனால் அந்த எட்டு மாதம் வீணாகப் போனது என்று சொல்லமாட்டேன். கூரியர் கணக்குப் புரிந்த அன்று ராத்திரிதான் எனக்கு அடுக்குப்பெட்டி யோசனை வந்தது. ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி நாலு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூடி. வெளிப்பெட்டிக்கு ஆகிற கூரியர் செலவிலேயே நாலும் போய்விடும், உள்ளே பெட்டி இருப்பதால் வெளிப்பெட்டி நசுங்குவதும் குறைவு. இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் ஓலையைக் கிழிக்கிற அகலம் ஒரு நூல் மாறினாலும் மூடி உள்ளே போகாது, போனால் வெளியே வராது. இன்றைக்கு நான் செய்கிறவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதை வரைந்து கொடுத்தது எந்த டிசைனரும் இல்லை, கூரியர் ரசீதுதான். விற்கிற வேலையிலும் கற்பனை இருக்கிறது என்று நான் யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் இந்த நாலு பெட்டியைத்தான் எடுத்து வைப்பேன். தங்கச்சிக்கு நான் சொன்னது: ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு பெரிய தளத்துக்குப் போகாதே, அடுக்கு செய்யக் கை பழகின பிறகு யோசி.

அடுத்தது கண்காட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாதிக்கு மேல் அங்கே கற்றதுதான்.

ஸ்டால் கிடைக்க முதலில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கொடுக்கிற பெஹ்சான் அடையாள அட்டையை வாங்கி வையுங்கள். அது இருந்தால் அரசு நடத்துகிற கைவினைக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க வசதி. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் சரஸ் மேளா மாதிரியான கண்காட்சிகளுக்குக் குழு வழியாகப் போகலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் கைவினைச் சந்தைகள் நடக்கும். நம் ஊரில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டம், குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டம் என்று இருக்கவே இருக்கிறது, ஆனால் கூட்டம் வேறு, வாங்குகிறவர் வேறு. தேர் பார்க்க வருகிறவர் கையில் பிள்ளையையும் பலூனையும் பிடித்திருப்பார், பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குக் கை ஏது? குற்றாலம் சீசனில் கடை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சாரல் ஈரத்தில் ஓலை இரண்டு நாளில் பதம் கெட்டுவிடும், ஈரத் துணியோடு வருகிறவர்கள் பழமும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள்.

நல்ல கண்காட்சியில் என்ன நடக்கும் என்றால், ஆட்கள் பெட்டியைக் கையில் எடுப்பார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. புது ஓலைப்பெட்டியின் மூடியைத் திறக்கும்போது ஓலையும் ஓலையும் உரசி ஒரு சின்னச் சத்தம் வரும், உடனே ஓலை வாசனை வரும். அந்தச் சத்தத்துக்கே இன்னொரு தடவை மூடித் திறப்பார்கள். நான் இப்போது பத்துப் பெட்டி இருந்தால் பத்தையும் மூடி வைப்பதில்லை, நாலைப் பாதி திறந்தே வைக்கிறேன். அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்காமல் முடைந்துகொண்டே இருப்பேன். கை ஓடுகிற இடத்தில் பிள்ளைகள் நிற்பார்கள், பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வருவார்கள்.

ஒரு கண்காட்சியில் எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு ஆச்சி வந்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். நான் விலை சொன்னேன், காதில் விழவில்லை. அப்புறம் காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைக் கழற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இதை எங்க வைக்கன்னு தெரியாம தெனமும் ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுத் தேடிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். கூட வந்த பேத்தி, பேட்டரிக்கும் ஒரு இடம் இருந்தால் நல்லது என்றாள். வீட்டுக்கு வந்து நடுவில் ஒரு தடுப்பு வைத்து அதே பெட்டியை மறுபடி செய்தேன், உள்ளே மெத்தென்று இருக்கப் பருத்தித் துணி ஒட்டினேன். காது மிஷின் பெட்டி என்றே பெயர் வைத்தேன். ஒரு வருசத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பேரன் பேத்திகள். அந்த ஆச்சி மட்டும் எடுத்துப் பார்க்காமல் போயிருந்தால் இப்படி ஒரு பெட்டி என் மனசில் உதித்திருக்கவே உதித்திருக்காது.

அதனால் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை விற்றது என்பது பெட்டியை எண்ணினாலே தெரியும், நோட்டில் எழுத வேண்டியது அவர்கள் கேட்ட கேள்வி. பூச்சி அரிக்குமா? கழுவலாமா? இதில் சோறு கட்டிக்கொண்டு போகலாமா? இருபது பேர் கழுவலாமா என்று கேட்ட பிறகுதான், தண்ணீரில் முக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள் என்று ஒரு சின்னச் சீட்டு அடித்து மூடிக்குள் வைக்க ஆரம்பித்தேன். கண்காட்சியின் குறையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள், பத்து நாள் வீட்டை விட்டுப் போக வேண்டும், தங்கல், சாப்பாடு, சரக்கு ஏற்றி இறக்குகிற கூலி என்று கைக்காசு போகும், மழை பெய்தால் வியாபாரமே இல்லை. சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தங்கச்சிக்கு வருசத்துக்கு ஒன்று, அதுவும் பக்கத்தில் நடப்பது போதும்.

இனி போன். இன்ஸ்டாகிராமில் போட்டால் விற்றுவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒரு ரீல் போடு, பாட்டுப் போடு, டிரெண்ட் பார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முடைகிற கைக்கு அது ஆகாது. நானும் ஒரு தடவை இரண்டு மாதம் தினமும் போட்டுப் பார்த்தேன், அந்த இரண்டு மாதத்தில் நான் முடைந்த பெட்டிகளின் மூடி எல்லாம் தளர்வாக இருந்தன, கவனம் முழுக்கப் போனில். இப்போது வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும். தார்சாவில் வெயில் சாய்வாக விழுகிற ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் படம் எடுத்தால் ஓலையின் வரி வரியான ஓட்டம் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் வெளுத்துப்போய் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஒரு படத்திலாவது கை இருக்கட்டும், அளவு தானாகப் புரியும். சாயத் தண்ணீர் கொதிக்கிறது, ஓலை நிழலில் கிடக்கிறது, இதையும் எடுங்கள், நமக்கு அது அன்றாடம் பார்ப்பது, பார்க்கிறவர்களுக்கு அது புதுசு.

விலையைப் போட்டுவிடுங்கள், இதில் எனக்குக் கோபமே வரும். "விலைக்குத் தனியாக மெசேஜ் செய்யவும்" என்று எழுதுகிற இடத்தில் பாதிப் பேர் கூச்சப்பட்டுக் கேட்காமலே போய்விடுகிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டு கேட்டலாக் வைக்க வசதி இருக்கிறது, இலவசம்தான். என் அனுபவத்தில் இன்ஸ்டாகிராமில் பார்ப்பவர்கள் அதிகம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வாங்குகிறவர்கள் அதிகம். ஏற்கெனவே வாங்கியவர்தானே அங்கே இருக்கிறார்!

எழுதுகிற வார்த்தையும் பெரிய விஷயம். முதலில் நானும் "சுற்றுச்சூழலுக்கு உகந்த கைவினைப் பொருள்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் "மிட்டாய்ப்பெட்டி" என்று மட்டும் எழுதிப் போட்டேன், இன்னொரு நாள் கடகப்பெட்டி (பெரிய ஓலைக்கூடை), இன்னொரு நாள் சொளவு (முறம்). எங்கள் ஆச்சி வெற்றிலை வைத்திருந்தாள், எங்கள் வீட்டில் வாத்தியாருக்கு இதில்தான் அதிரசம் கொடுத்துவிடுவார்கள் என்று வரிசையாகப் பதில் வந்தது. அதில் ஒருவர், ஆச்சியின் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பனைநார்க் கைப்பிடி இருக்கும், அது மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். என் மாமியாரிடம் கேட்டு அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டேன். பொருளுக்குச் சரியான பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் மூடி முடைவது மாதிரித்தான், பொருந்தும்வரை பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கல்யாண ஆர்டர். என் தேர்வு எது என்று கேட்டால் இதுதான், அதனால் நடுநிலையாகச் சொல்கிறேன் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. தாம்பூலத்தைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் வேறு எதில் கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களே தேட ஆரம்பித்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி இருக்கிறது: பத்தமடைப் பாய். கோரையை நூல் மாதிரி கிழித்து நெய்கிற அந்தக் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்தே நெய்து கொடுப்பார்கள். அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது, அந்த வீட்டில் இருந்து யாரும் தூக்கிப் போடவும் மாட்டார்கள். அதற்கு விளம்பரம் வெளியே தனியாக இல்லை, நெசவுக்குள்ளேயே இருக்கிறது. ஓலையில் முழுப் பெயர் வருவது கஷ்டம், நாங்கள் மூடியில் முதல் எழுத்து இரண்டை மட்டும் சாய ஓலையில் கொண்டுவருகிறோம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஆள் நாளைக்கு எட்டுச் சின்னப் பெட்டி என்று வைத்தால் மூன்று பேருக்கு 24. 300 பெட்டிக்குப் பன்னிரண்டரை நாள். ஓலை காய, சாயம் ஏற்ற, மூடி சரிபார்க்க என்று சேர்த்தால் மூன்று வாரம் கேட்டு வாங்க வேண்டும். பாதி முன்பணம் இல்லாமல் ஓலையில் கை வைக்காதீர்கள், கல்யாணத் தேதி மாறும், எழுத்து போட்ட மூடியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அந்த மாதங்களில் எழுத்து இல்லாத அடிப்பெட்டியை முடைந்து வைத்துவிட்டால் ஆவணியிலும் தையிலும் மூடி வேலை மட்டும்தான். கொடுத்த பிறகு 300 பெட்டி 300 வீட்டுக்குப் போகிறது, ஒவ்வொன்றிலும் நம் சீட்டும் போன் நம்பரும் இருக்கிறது. எனக்கு வந்த ஆர்டர்களில் ரொம்பப் பேர் "கல்யாண வீட்டில் வாங்கின பெட்டியில் நம்பர் இருந்தது" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். மணப்பெண்ணின் அம்மாவோடு உட்கார்ந்து நிறம் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதில் வருகிற யோசனைகளுக்கே தனி நோட்டு வேண்டும்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. ஒற்றை ஆளாகப் படம் வரைகிறவருக்கு 300 என்பது நடக்காத காரியம், அவருக்குக் கண்காட்சியும் போனும்தான் சரி. பானைக்கு உடைசல் பயம் இருப்பதால் பக்கத்து ஊர்களைத் தாண்டாத வழியே நல்லது. கையில் மூன்று மாதச் செலவுக்குக் காசு இல்லாதவர் வியாபாரியை விட்டுவிடவே கூடாது.

தங்கச்சி வீட்டில் இப்போதைக்கு முடிவானது இது. வாரத்தில் இரண்டு நாள் வியாபாரிக்குக் கருப்பட்டிப் பெட்டி, அது அவள் மாமியார் போட்ட நிபந்தனை, நானும் சரி என்றேன். மற்ற நாட்களில் ஆவணியில் வருகிற ஒரு கல்யாணத்துக்கு 120 பெட்டி, முன்பணம் வந்துவிட்டது. மூடிக்குப் பச்சையா மெஜந்தாவா என்று இன்னும் முடிவாகவில்லை, இரண்டிலும் ஒரு மாதிரி செய்து பெண் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை படம் எடுக்க நான் முதல் பஸ்ஸில் போகிறேன், ஏழு மணி வெயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் ராத்திரியே போய்விடுவதுதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.